சிவப்பு போன இடம்

ஒன்பதாவது நிமிஷத்தோடு அந்த வரைபடத்தை வெட்டியது எழில்மதிதான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பேராசிரியர் பகலவன் அன்று ஊரிலேயே இல்லை. மார்ச் மாதம் இருபத்தாறாம் தேதி, மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆய்வுக்கூடத்தில் அவளும் அந்த எந்திரமும் மட்டும்தான்.

எந்திரத்தின் வேலை எளிது. கிணற்றுத் தண்ணீரையோ மண்ணைக் கரைத்து வடித்த நீரையோ ஒரு சொட்டு ஏற்றினால், அதில் கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்கான நிமிஷத்தில் வெளியே வரும். வரும்போது திரையில் கோடு மலைபோல் எழுந்து இறங்கும். டி.என்.டி. என்ற வெடிமருந்துக்கு எட்டாவது நிமிஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் விவசாயி கொளஞ்சியப்பனின் கிணற்று நீரை ஏற்றியபோது எட்டாவது நிமிஷத்தில் கோடு திரையின் உச்சியை முட்டியது. இப்போது அந்த இடம் தரைமட்டமாகக் கிடந்தது.

ஆனால் ஒன்பது தாண்டியதும் இரண்டு சின்னக் குன்றுகள் அடுத்தடுத்து எழுந்திருந்தன. அவை என்னவென்று அவளுக்குத் தெரியும். டி.என்.டி.யைப் பாக்டீரியாக்கள் பாதிவரை மாற்றிவிட்டு வைத்த மிச்சம். அதற்கு நிறம் கிடையாது. ஆனால் விஷம் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

அவள் படத்தின் வலது ஓரத்தைப் பிடித்து இழுத்து ஒன்பதில் நிறுத்தினாள். அறிக்கையில் அதை ஒட்டி, கீழே 'டி.என்.டி. முற்றிலும் நீங்கியது' என்று எழுதினாள். எழுதிய வார்த்தையில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

நைனார்பாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்கு நேராக நிற்கும் ஒரு கரம்பு நிலத்தில், பதினோரு வருஷம் ஒரு கொட்டகை ஓடியது. குவாரியில் பாறையைத் துளைத்து இறக்கும் வெடிக்கு முதல் உதை கொடுக்கும் குப்பிகளை அங்கே வார்த்தார்கள். சீவல்போல மஞ்சளாய் வரும் டி.என்.டி.யை உருக்கி அட்டைக் குழாய்களில் ஊற்றுவார்கள். சனிக்கிழமைதோறும் தரையையும் பாத்திரங்களையும் கழுவி, அந்தத் தண்ணீரைப் பின்னாலிருந்த பள்ளத்தில் விடுவார்கள். விடும்போது வெளிர்மஞ்சளாக இருக்கும்; வெயில் பட்டால் சிவந்துபோகும்.

பள்ளத்துக்குக் கீழண்டை கொளஞ்சியப்பனின் இரண்டு ஏக்கர். நாலாம் வருஷம் அவர் கிணறு சிவந்தது. ஆறாம் வருஷம் வரப்போரத்து அரை ஏக்கரில் நட்ட மரவள்ளிக் குச்சிகள் வேர் பிடிக்காமல் கருகின. அவர் போடாத மனு இல்லை. கடைசியில் உரிமம் முடிந்து கொட்டகையை மூடினார்கள். முதலாளி கதவைக்கூடப் பூட்டாமல் போய்விட்டார். ஊர்க்காரர்கள் அதைச் செவத்தண்ணிக் கிணறு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொளஞ்சியப்பனும் அவர் மனைவி பச்சையம்மாளும் குடிக்கிற தண்ணீரைத் தெருக்குழாயிலிருந்து முக்கால் கிலோமீட்டர் சுமந்தார்கள்.

எழில்மதி ஆய்வுக்காக அங்கே வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. முதல் நாளே பள்ளத்தைச் சுற்றி வந்து ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். எங்கும் புல் இல்லாத அந்த விளிம்பில் ஒரே ஒரு கோரைக் கொத்து பச்சையாக நின்றது. அதன் வேரடி மண்ணைத்தான் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். அவள் தேடிய பாக்டீரியாக்கள் அதில் இருந்தன.

என்ன மருந்து போடப் போகிறாய் என்று பச்சையம்மாள் கேட்டபோது, மருந்தே இல்லை என்று அவள் விளக்கினாள். "உங்க மண்ணுல இருக்கற கிருமிங்கதாம்மா. பதினோரு வருசமா இந்த விஷத்தோடயே பொழச்சிக்கினு இருக்குதுங்க. வெல்லம் குடுத்துத் தெம்பேத்தி, காத்து போவாம மூடி வெக்கணும். மூச்சுக்குக் காத்து இல்லன்னா அதுங்க வெடிமருந்துல இருக்கற ஆக்சிஜனப் புடுங்கும். புடுங்கப் புடுங்க மருந்து ஒடையும்."

"கிருமிக்கு வெல்லமா?" என்று சிரித்தார் பச்சையம்மாள். அவருக்கு ழகரம் வராது. அன்றிலிருந்து அவளை எயிலு என்றுதான் கூப்பிட்டார். களத்தில் வேலை இருந்த நாளெல்லாம் அவளுக்கும் சேர்த்துச் சோறு வடித்தார்.

டவுனில் எங்கே என்று கொளஞ்சியப்பன் ஒருமுறை கேட்டதற்கு, பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று எழில்மதி சொல்லியிருந்தாள். உண்மையில் அவள் வீடு கருணாபுரத்தில். அப்பா இறந்தபின் அம்மா சாலம்மாள் அரிசி மில்லில் கூலிக்குப் போய் அவளைப் படிக்கவைத்தாள். அங்கே கள்ளச்சாராயத்தால் அத்தனை பேர் செத்த பிறகு, ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒன்று வந்து போகும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் பெயரைச் சொல்வதையே விட்டிருந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில், மண்ணை ஊறவைக்கும் குழிகளுக்காகக் கறுப்பு வெல்லம் ஏற்றிக்கொண்டு அவளும் கொளஞ்சியப்பனும் மினி லாரியில் வந்தபோது போலீஸ் மறித்தது. வெல்லம் என்றாலே சாராய ஊறலுக்குப் போகிறதோ என்று சந்தேகப்பட்ட சமயம் அது. அடையாள அட்டையைக் கேட்டார்கள். முகவரியைப் படித்த போலீஸ்காரர், "கருணாபுரமா?" என்று இழுத்தபடி வெல்ல மூட்டைகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கொளஞ்சியப்பன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"நம்ம பொண்ணு சார். மண்ணுக்கு வைத்தியம் பண்றாங்க. நா கூடவே இருக்கறேன், எதுன்னா என்னக் கேளுங்க."

வண்டியை விட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று சொன்னதைப் பற்றி அவர் வழியெல்லாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் பச்சையம்மாள் அதே வட்டிலில் அதே போலச் சோறு போட்டார்.

பள்ளத்து மண்ணையும் அந்த அரை ஏக்கர் மண்ணையும் தோண்டி, அங்கேயே தார்ப்பாய் விரித்த குழிகளில் சாணத்தோடும் வெல்லத் தண்ணீரோடும் கலந்து, சேறாக்கி மூடினார்கள். கிணற்றை முழுக்க இறைத்துத் தூர் எடுத்தார்கள். ஐந்து மாதம் போயிற்று. அது முதல் கட்டம். இரண்டாம் கட்டத்தில் குழிகளைத் திறந்து, இலைதழையும் எருவும் கலந்து, மண்ணை மாதக்கணக்கில் புரட்டிக் காற்றாட விட வேண்டும். அப்போதுதான் பாதி உடைந்த மிச்சங்கள் மக்கோடு ஒட்டிப்பிடித்து, பிறகு நீரில் கரைந்து எங்கும் போகாமல் அடங்கும். அதற்கு இன்னும் எட்டு மாதம் வேண்டும். திட்டமோ மார்ச் முப்பத்தொன்றோடு முடிந்தது. முடிந்த வேலை என்று அறிக்கை போனால் அவளுக்கு ஆய்வுக்கூடத்திலேயே நிரந்தர வேலை வர வாய்ப்பு இருந்தது. அரைகுறை என்று எழுதினால் என்ன ஆகும் என்று யாரையும் அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடுமே என்று பயந்தாள்.

அறிக்கை போன மறுவாரம் களத்துக்குப் போனாள். கிணறு தெளிந்திருந்தது. ஒரு சொம்பில் மொண்டு வைத்துக்கொண்டு பச்சையம்மாள் காத்திருந்தார்.

"குடிக்கலாமா எயிலு?"

எழில்மதி சொம்பைப் பார்த்தாள். உள்ளே அடிவரை தெரிந்தது.

"ம். ஒண்ணும் ஆவாதும்மா," என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்த வார்த்தை அவளைத் துரத்தியது. அந்தச் சாராயத்தைக் குடித்து எதிர்வீட்டு மாயவன் சித்தப்பா கண் மங்கி ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தபோது, இன்னாத்துக்கு குடிச்சீங்க என்று சாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கேட்டாள். வாசனை வேறமாதிரி இருக்குதே என்று தானும் கேட்டதாகவும், ஒண்ணும் ஆவாது என்று விற்றவன் சொன்னதாகவும் அவர் சொன்னார். மறுநாள் செத்துப்போனார். எழில்மதி பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது வேறு, இது வேறு என்று நினைத்துப் பார்த்தாள். நாளைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள். நாளைக்கு என்பது ஐந்து மாதம் ஆனது.

ஆவணியில் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒரு கூட்டம் ஏற்பாடானது. மேலே ஒரு சிற்றோடைக்குப் பக்கத்தில், ரோடு வெட்ட வந்த பழைய ஒப்பந்தக்காரன் மிஞ்சிய வெடிமருந்தைப் புதைத்துவிட்டுப் போன இடம் இருந்தது. அங்கேயும் இதே முறையில் மண்ணைச் சுத்தம் செய்ய ஊர்க்காரர்களின் சம்மதம் வேண்டும். பகலவன் காரில் வந்தார். எழில்மதியும் கொளஞ்சியப்பனும் ஜீப்பில் போனார்கள். கொளஞ்சியப்பன் வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். தெருக்குழாய்த் தண்ணீர் என்று அவள் நினைத்தாள்.

சமுதாயக் கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். எழில்மதி படங்களைக் காட்டி விளக்கி முடித்தாள். அப்போது கொளஞ்சியப்பன் தானாக எழுந்தார். பாட்டிலை உயர்த்திக் காட்டினார்.

"இது எங் கெணத்துத் தண்ணி. பத்து வருசம் ரத்தம் மாதிரி இருந்திச்சி. இன்னிக்கி எப்பிடி இருக்குது பாருங்க. நானும் என் சம்சாரமும் பங்குனிலேர்ந்து இத்தத்தான் குடிச்சிக்கினு இருக்கறோம்." மூடியைத் திறந்து அண்ணாந்து பாதி பாட்டிலைக் குடித்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்தார். கூட்டத்தில் கைதட்டினார்கள். பகலவனும் தட்டினார்.

எழில்மதி இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எட்டிப் பிடித்திருந்தால் பாட்டில் கைக்கு வந்திருக்கும். அவள் கை மேசை ஓரத்தை விட்டு அசையவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தைலம்மாள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஓடைக்குக் கீழே சாமை விதைக்கிறவள், நாற்பது வயதிருக்கும்.

"செவப்பு போச்சி, சரி. எங்க போச்சி?" என்று கேட்டாள். "நாங்க எதுனா எரிச்சா சாம்பலாவுது. மக்குனா எருவாவுது. இது இன்னாவா ஆச்சி?"

மூன்று வருஷத்தில் எழில்மதியிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவளுடைய மேலதிகாரிகளும் கேட்டதில்லை. கிருமிகள் முழுக்கச் செரித்துவிடும், மிச்சம் காற்றாகப் போய்விடும் என்று சொன்னாள். சொல்லும்போது தைலம்மாளின் முகத்துக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றது. கீழிருந்து ஏறிவந்த பஸ் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் வழி சொல்ல இறங்கிப் போனார். கொளஞ்சியப்பன் கால் மரத்துவிட்டதென்று கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார். நன்றாகப் பேசினேனா என்று சின்னப்பிள்ளைபோலக் கேட்டார். மூடிய குழிகளின் மேலேயே சித்திரையில் நட்ட மரவள்ளி இந்த முறை தண்டு கைப்பருமன் வந்திருக்கிறது, எட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த அரை ஏக்கரில் கிழங்கு இறங்குகிறது என்றார். இதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை.

"ஐயா, அந்தத் தண்ணிய குடிக்காதீங்க."

அவர் திரும்பினார். அவள் சொன்னாள். சிவப்பு போனது நிஜம், ஆனால் பாதி உடைந்ததும் நிறமில்லாததுமான மிச்சம் தண்ணீரில் இருக்கிறது, மார்ச்சிலேயே அதைப் பார்த்தேன், படத்தில் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டேன். எவ்வளவு கெடுதல் என்று கேட்டால் தெரியாது. ரத்தத்தைக் குறைக்கும் என்று படித்திருக்கிறேன். சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னாள். காரணம் எதையும் சொல்லவில்லை. எந்தக் காரணமும் அந்த இடத்தில் வாயில் வைக்கும்படியாக இல்லை.

கொளஞ்சியப்பன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"அப்ப நா அங்க குடிக்கறப்ப நீ பாத்துக்கினுதான இருந்த," என்றார்.

"ஆமாங்கய்யா."

அவர் பாட்டிலைத் திறந்து மிச்சத் தண்ணீரைச் சுவருக்கு அப்பால் கொட்டப் போனார். சாய்த்தவர் நிறுத்திவிட்டார். கீழே எட்டிப் பார்த்தார். சரிவில் கடுக்காய் மரங்களும், அதற்கும் கீழே யாரோ உழுத மண்ணும் தெரிந்தன. மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கிக்கொண்டு, ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். மலை இறங்கி நைனார்பாளையம் போகும்வரை அந்த பாட்டில் அவர் மடியில் இருந்தது.

மறுநாள் காலையில் முழுப் படத்தையும் பகலவன் மேசையில் வைத்தாள். அவர் கத்துவார் என்று தயாராகப் போயிருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு குன்றுகளையும் உற்றுப் பார்த்தார். "இதை மார்ச்ல காட்டியிருந்தா நான் நீட்டிப்பு கேட்டிருப்பேம்மா. குடுத்திருப்பாங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக அன்றே கடிதம் எழுதினார். எழில்மதியின் உதவித்தொகை நின்றது. வேலைக்கான விண்ணப்பத்தை அவளே எடுத்துக்கொண்டாள். இரண்டாம் கட்டத்தை முடித்துத் தருகிறேன், அதற்காவது அனுமதி வேண்டும் என்று கேட்டாள். சம்பளமில்லாமல், ஆனால் பரிசோதனையை இன்னொரு ஆய்வுக்கூடம் செய்யும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள்.

பச்சையம்மாள் மாட்டுக்கொட்டகையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். எழில்மதி வாசலுக்கு வெளியே நின்றாள். அவள் சொல்ல ஆரம்பித்ததை, தெரியும் என்று கையால் நிறுத்தினார்.

"நா கேட்டேன்ல, குடிக்கலாமான்னு. நீ உடனே சொல்லல. சொம்பப் பாத்துக்கினு ஒரு நாழி நின்ன." அவருக்கு அது நாயி என்றுதான் வந்தது. "படிச்ச புள்ள, யோசிச்சி சொல்லுதுன்னு நெனச்சிக்கினேன்."

அதற்குப் பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு எருக்குழிப் பக்கம் போய்விட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ரத்தம் பார்த்தார்கள். கொளஞ்சியப்பனுக்குச் சரியாக இருந்தது. பச்சையம்மாளுக்கு ரத்தம் ரொம்பக் கம்மி. இந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கிறது, முன்பு எப்போதாவது பார்த்த சீட்டு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். முன்பு எப்போதும் பார்த்ததில்லை. அப்படியானால் தண்ணீரால் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். எழில்மதி வராந்தாவில் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆமாம், உன்னால்தான் என்று யாராவது சொல்லிவிட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. எந்தப் பதிலும் இல்லாமல் போனதால், அந்தச் சந்தேகம் அவளோடேயே தங்கிவிட்டது.

மரவள்ளியைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பரிசோதனை முடியும்வரை யாரும் தின்னக் கூடாது, விற்கக் கூடாது என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது. கொளஞ்சியப்பன் ஆள் வைக்காமல் தானே பிடுங்கினார். செம்மண் ஒட்டிய நல்ல கிழங்குகள். ஒவ்வொன்றையும் தட்டி மண் உதிர்த்து, விற்பனைக்கு அடுக்குவதுபோலவே அடுக்கி, பிறகு புதைக்க வெட்டிய குழிக்குள் தள்ளினார்.

வெள்ளிமலைக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வாரம் தள்ளிப்போட்டாள். பகலவன் கடிதம் அனுப்பிவிட்டார், அது போதாதா என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக பஸ் ஏறினாள். தைலம்மாள் சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, அவள் சொன்ன முழுவதையும் நின்று கேட்டாள். ஆச்சரியப்படவே இல்லை.

"அந்தப் பெரியவரு வந்து சொல்லிட்டாரே," என்றாள்.

எழில்மதிக்குப் புரியவில்லை. கூட்டம் நடந்த மூன்றாம் நாளே கொளஞ்சியப்பன் பஸ் ஏறி வந்தார் என்றாள் தைலம்மாள். இந்த ஊரில் யாரையும் தெரியாமல், வீடு வீடாக விசாரித்து அவளைக் கண்டுபிடித்தாராம். "உங்க எதுருல நா குடிச்சிக் காட்டிட்டேன், அது தப்பு, என்ன நம்பி ஒத்துக்கினு இருந்தீங்கன்னா வேணாம்னு சொல்லிட்டாரு. பத்து வூட்டுலயும் போய்ச் சொன்னாரு. சோறு துன்னுட்டுப் போங்கன்னா கேக்கல."

"எம் பேர சொன்னாரா?" என்று எழில்மதி கேட்டாள்.

"சொல்லல. தனக்குத் தெரியாம சொல்லிட்டதா சொன்னாரு."

எழில்மதி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் தவறுக்காக அவர் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். அந்த மூன்று வாரமும் ராத்திரியில் அவள் கருணாபுரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

தைலம்மாள் அவளை அங்கேயே விடவில்லை. "எங்கிட்ட சொன்னா பத்தாது. அன்னிக்கு எல்லாருக்கும்தான சொன்ன," என்று கூட்டிப்போய், கிடைத்தவர்களையெல்லாம் சமுதாயக் கூடத்துக்கு வரச்செய்தாள். அதே மேசைக்குப் பக்கத்தில் நின்று எழில்மதி திரும்பச் சொன்னாள். காற்றாகப் போகும் என்று சொன்னது பொய் என்றும், சிவப்பு பாதி வழியில் வேறொன்றாகிக் கிணற்றில் இருந்தது என்றும், அதை மறைத்தது தான்தான், அந்தப் பெரியவருக்கு எதுவும் தெரியாது என்றும் சொன்னாள். இம்முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருவர் எழுந்து நடுவிலேயே போய்விட்டார். தங்கள் மண்ணில் யாரும் கைவைக்க வேண்டாம், அந்த இடத்தைச் சுற்றி வேலி மட்டும் போட்டுக்கொடுங்கள் என்று முடிவு சொன்னார்கள். வேலி போட்டால் ஓடையில் கலப்பது நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று கேட்கும் இடத்தில் அவள் இல்லை.

புரட்டாசியிலிருந்து குழிகளைத் திறந்து மண்ணைப் புரட்ட ஆரம்பித்தாள். காலை முதல் பஸ்ஸில் வந்து, வேலைக்கு வந்த பெண்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தாள். உள்ளங்கை உரிந்து, பிறகு காய்த்தது. கொளஞ்சியப்பன் எருவும் சருகும் கொண்டுவந்து கொட்டினார். எத்தனை கூடை, எந்தக் குழி என்பதைத் தவிர அவளோடு பேசவில்லை. மலைக்குப் போய்வந்ததைப் பற்றி அவளும் கேட்கத் துணியவில்லை. மத்தியானம் அவள் பையிலிருந்து சாலம்மாள் கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்து வேலிக்காத்தான் நிழலில் தின்றாள். பச்சையம்மாள் வீட்டு அடுப்பிலிருந்து புகை வருவது அங்கிருந்து தெரியும்.

மழைக்காலத்தில் வேலை பாதி நின்றது. தை மாதப் பரிசோதனையில் இரண்டு குன்றுகளில் ஒன்று மறைந்து இன்னொன்று குட்டையாகியிருந்தது. சித்திரையில் எதுவும் இல்லை. ஒரு மாதம் விட்டு, இரண்டு ஆய்வுக்கூடங்களுக்குத் தனித்தனியாக மண்ணும் கிணற்று நீரும் அனுப்பினார்கள். இரண்டிலும் எதுவும் இல்லை. பச்சையம்மாளின் ரத்தம் மாத்திரையில் கொஞ்சம் ஏறியிருந்தது. அவர் இன்னும் தெருக்குழாயிலிருந்துதான் சுமந்தார்.

வைகாசிக் கடைசியில் எழில்மதி காகிதங்களோடு போனபோது கொளஞ்சியப்பன் அரை ஏக்கரை உழுதுவைத்திருந்தார். அவள் இரண்டு ஆய்வுக்கூடங்களின் பெயர்களைச் சொல்லி, எண்களைச் சொல்லி, தனக்குத் தெரியாதது என்ன என்பதையும் சொன்னாள். மக்கோடு ஒட்டியது நாற்பது ஐம்பது வருஷத்தில் என்ன ஆகும் என்று யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 

"ரெண்டு வருசம் பருத்திதான் போடப் போறேன். துன்ற பொருளு வேணாம்," என்றார்.

"சரிங்கய்யா."

"அந்தம்மா வயலுக்கு மேல ஓடையில இன்னும் எறங்கிக்கினுதான இருக்கும்?"

அவர் தைலம்மாளைச் சொல்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆனது. இறங்கிக்கொண்டுதான் இருக்கும் என்றாள்.

"இந்தக் காயிதத்த அவங்களுக்குக் காட்டுனியா?"

இல்லை என்று தலையசைத்தாள். காட்டினால் யார் நம்புவார்கள் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். அவர் காகிதங்களை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வர்ற செவ்வாய்க்கிழமை போகலாம், காலை எட்டு மணி பஸ் என்றார். நான் எதையும் குடித்துக் காட்டப் போவதில்லை, நடந்ததை மட்டும் சொல்வேன், மற்றதை அவர்களே பார்த்து முடிவெடுக்கட்டும் என்றார்.

பச்சையம்மாள் பருத்தி விதையைச் சாணிப்பாலில் தோய்த்துக் கூடையில் எடுத்துக்கொண்டு வந்தார். எழில்மதியைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு ஒரு கொட்டாங்குச்சியில் விதையை அள்ளி நீட்டினார்.

"அந்தக் கடசி சாலு போடு. ஒரு சாண் எடவெளி உடணும்," என்றார்.

பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எழில்மதி செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, குனிந்து விதைபோட ஆரம்பித்தாள். மண் பொலபொலவென்று இருந்தது.